மழைநீர் டேங்கும் உறைபனியும்: மூணாறு மேட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மார்கழி பிறந்ததும் மூணாறு மேட்டில் பலர் ஒரே வேலையைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். சின்டெக்ஸ் டேங்கைச் சாக்கு, தார்ப்பாய், பழைய கம்பளி என்று சுற்றிக் கட்டிவிடுவார்கள். அதற்குக் கீழே மூன்றடி நீளத்துக்கு ஒரு பிவிசி பைப்பும் அதன் முனையில் ஒரு பித்தளைக் குழாயும் வெறும் உடம்போடு நிற்கும். விடிந்தால் டேங்கில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், குழாயில் சொட்டுக்கூட வராது. வெயில் ஏறினதும் எல்போ (பைப் வளையும் இடத்தில் போடும் முழங்கை இணைப்பு) பிளந்து ஒழுக ஆரம்பிக்கும்.

செண்டுவரை, லட்சுமி, செவன்மலை, சைலண்ட்வேலி, குண்டளை பக்கத்து லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மற்ற வீடுகளிலும் இருப்பவர்களுக்காகவும், கீழே இருந்து வந்து புதிதாக ஹோம்ஸ்டே எடுத்து நடத்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அடிமாலி மாதிரி கீழே இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

1. எது உறையும், எது உறையாது

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1000 லிட்டர் தண்ணீர் 8 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பூஜ்யத்துக்கு இறங்க எவ்வளவு வெப்பத்தை இழக்குமோ, அதைப் போலப் பத்து மடங்கை மேற்கொண்டு இழந்தால்தான் முழுதும் பனிக்கட்டியாகும். நம் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே போவது விடியற்காலைச் சில மணி நேரம்தான். அப்புறம் வெயில் வந்துவிடும். ஒரு ராத்திரியில் அவ்வளவு பெரிய டேங்க் கட்டியாக வழியே இல்லை.

மிஞ்சிப்போனால் மேலே மெல்லிசாக ஓர் ஏடு கட்டும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே மிதக்கும். அதனால் ஏடு எப்போதும் மேல்பக்கத்தில்தான் கட்டும், அடியில் இருக்கும் அவுட்லெட் பக்கம் தண்ணீராகவே இருக்கும்.

இப்போது பைப்பைப் பாருங்கள். அரை இஞ்சு பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இருப்பது சுமார் 180 மில்லி தண்ணீர். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர்காற்று. அது உறைய ஒரு ராத்திரி முழுக்கக்கூட வேண்டாம்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பைப் வெடிப்பதற்குக் காரணம் அதுதான் என்றாலும், வெடிக்கும் விதம் பலருக்குத் தெரியாது. பைப்பின் நடுவில் ஓர் இடத்தில் பனிக்கட்டி அடைப்புப் போல உட்காருகிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையில் மாட்டிய தண்ணீரை நெருக்குகிறது. தப்பிக்க வழியில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் பைப்பைப் பிளக்கிறது. ஆகவே உறைந்த இடம் ஒன்று, பிளந்த இடம் வேறொன்று என்று இருக்கலாம். பிளந்த இடத்தை மட்டும் சரிபண்ணிவிட்டுப் போனால் அடுத்த பனியில் மறுபடி அதே கதைதான்.

இதிலிருந்து வேலையின் வரிசை தானாகக் கிடைத்துவிடுகிறது. வடிக்க முடிந்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்க முடியாத இடத்தைச் சுற்ற வேண்டும். பெரிய டேங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், பல வீடுகளில் அதைத் தொடவே வேண்டாம். 200 லிட்டர் டிரம் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் சேர்த்தி இல்லை. அது சீக்கிரம் குளிரும். அதைப் பற்றி 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. உங்கள் வீடு பனிப் பள்ளத்தில் இருக்கிறதா?

உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடைக்கரை லயத்தில் புல் வெள்ளையாகக் கிடக்கும்போது அதே எஸ்டேட்டின் மேல் சரிவில் ஒன்றுமே இருக்காது. மேட்டில் இருப்பவர்தான் அதிகம் குளிரில் மாட்டுவார் என்று நினைப்பது தப்பு.

ஒரு மினிமம் தெர்மாமீட்டர் (ராத்திரியில் இறங்கிய மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறித்து வைப்பது) வாங்கி, டேங்க் பைப் இருக்கும் உயரத்தில் திறந்த வெளியில் கட்டுங்கள். வராந்தாவில் மாட்டினால் அது வீட்டுச் சூட்டைத்தான் காட்டும். செய்தியில் '2 டிகிரி' என்று வருவது நிழல்கூட்டுக்குள், ஆள் மார்பளவு உயரத்தில் எடுத்த காற்றின் அளவு. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பைப்பும் தகரமும் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிர்ந்திருக்கும். ஆகவே உங்கள் தெர்மாமீட்டர் 3 டிகிரிக்கு வந்தாலே பைப்பை வடிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பூஜ்யம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் சாயங்காலமே ஓரளவு சொல்லிவிடலாம். பகலில் நல்ல வெயில், பொழுது சாயும்போது காற்று அடங்கிவிட்டது, வானத்தில் மேகம் இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது என்றால் அன்று ராத்திரி பனிதான். மூடுபனி கவிந்த ராத்திரியில் அவ்வளவு பயமில்லை.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை விடைபெறும் சமயத்தில், பனி தொடங்குமுன் வேலையை முடித்துவிடுங்கள். பைப் ஒட்டும் சால்வென்ட் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். பனிக்காலத்தில் ஒட்ட நேர்ந்தால் உச்சி வெயிலில் ஒட்டிவிட்டு, அன்றைக்கு அந்த லைனில் தண்ணீரே விடாமல் வையுங்கள்.

தேவையானவை: ஒன்றிரண்டு பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு), டீ (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு), எண்டு கேப் (பைப் முனையை அடைக்கும் மூடி), ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), டெஃப்லான் டேப், ஹேக்ஸா பிளேடு, பைப் மேல் மாட்டும் நைட்ரைல் ஃபோம் உறை, கறுப்பு இன்சுலேஷன் டேப், ஒரு தார்ப்பாய், கயிறு. அப்புறம் இரண்டு தெர்மாகோல் மீன் பெட்டி. மீன்காரரிடம் கேட்டால் காலிப் பெட்டி கிடைக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரைல் உறை என்பது ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்சுதான். பிளம்பிங் கடையில் இல்லாவிட்டால் ஏசி, ஃபிரிட்ஜ் ஸ்பேர் விற்கும் கடையில் கேளுங்கள். தேனிக்கோ உடுமலைக்கோ போகும்போது வாங்கிக்கொள்ளலாம். கடைக்குப் போகையில் உங்கள் பைப்பில் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். அரை இஞ்சு சிபிவிசியின் வெளி விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர், அரை இஞ்சு யுபிவிசியின் வெளி விட்டம் சுமார் 21. 'அரை இஞ்சு' என்று வாயால் கேட்டு வாங்கி வந்தால் ஒன்று மாட்டாது, இல்லையென்றால் தொளதொள என்று கிடக்கும். தொளதொள உறைக்குள் குளிர்காற்று புகுந்து ஓடும், சுற்றியும் சுற்றாத கணக்குத்தான்.

4. முதல் வேலை: வாட்டமும் வடிகாலும்

எதையும் சுற்றுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். சுற்றிவிட்டுப் பிறகு ஒழுகலைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். அதைவிட மோசம், உள்ளே ஒழுகி ஈரமான உறை. ஈர உறையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் பைப்பைக் கூடவே நடந்து பாருங்கள். எங்கே தொய்ந்திருக்கிறது, எங்கே 'யு' போல வளைந்து ஏறுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொய்வில்தான் வடித்த பிறகும் தண்ணீர் நிற்கும். கிளாம்ப் போட்டுத் தூக்கி, பைப் முழுக்க ஒரே பக்கம் வாட்டமாக இறங்கும்படி செய்யுங்கள். முடியாத இடத்தில் தொய்வின் அடிமட்டத்தில் ஒரு டீ போட்டு, அதில் சின்ன வால்வோ எண்டு கேப்போ வையுங்கள்.

லைனின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு கட்டாயம் வேண்டும். வடியும் தண்ணீர் வாளியில் விழும்படி அமையுங்கள். சுவரோரமாகக் கொட்டினால் காலையில் நடைபாதை வழுக்கி யாராவது விழுவார்கள். வாளியில் பிடித்தால் காலையில் பாத்திரம் கழுவவாவது உதவும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையை நம்ப முடியாத ஊரில், டேங்கில் இருப்பதுதான் இருப்பு.

குழாயை ராத்திரி முழுக்க மெல்லிசாகத் திறந்து ஓடவிடும் பழக்கத்தை நான் சிபாரிசு செய்யாததற்கும் இதுதான் காரணம். ஓடும் தண்ணீர் லேசில் உறையாது, அது உண்மைதான். ஓடையிலிருந்து ஓஸ் போட்டவர்களுக்கு அது சரிப்படும். மழைநீரை மட்டும் நம்பும் வீட்டில் அது சேமிப்பைக் கரைக்கும் வழி.

பைப் மாற்றும் எண்ணம் இருந்தால் வெளியில் ஓடும் பகுதிக்குக் கறுப்பு எச்டிபிஇ ஓஸ் (வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். உறைந்தாலும் அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பிவிசி குளிரில் உடையும் தன்மைக்கு வந்துவிடும், வருடக்கணக்கில் வெயில் பட்டதாக இருந்தால் இன்னும் மோசம். ஓஸ் போட்டாலும் ஜாயிண்டுகள் பிளாஸ்டிக்தான் என்பதை மறக்க வேண்டாம். எச்டிபிஇ போட்ட வீட்டில் பிளப்பது பெரும்பாலும் கனெக்டர்தான்.

மண்ணுக்குள் புதைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நம் மலையில் உறைபனி தரையின் மேற்பரப்போடு நின்றுவிடும், ஓர் அடி ஆழம் போதும். ஆனால் பைப் மண்ணிலிருந்து மேலே எழும்பி வரும் அந்த ஒன்றரை அடிதான் முதலில் உறையும். பாடுபட்டுப் புதைத்தவர்கள் அந்தத் துண்டை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

5. மழைத் தண்ணீர் வரும் பக்கத்தைக் கழற்றுங்கள்

கூரையின் முதல் அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் செங்குத்துப் பைப்பை யாரும் நினைப்பதே இல்லை. நவம்பர் மழையில் நிரம்பிய தண்ணீர் அதில் அப்படியே நிற்கும். அடிமூடியில் இருக்கும் சின்னத் துளை இலைக்கூளத்தால் அடைத்திருக்கும். பனிக்காலத்தில் அந்த அடிமூடியைக் கழற்றி எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். மாட்டியே விட்டால் மூடியோ மரையோ பிளக்கும்.

கூரைப் பாத்தியில் (கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் வாய்க்கால்) இலை, சில்வர் ஓக் சருகு எல்லாவற்றையும் வாரிவிடுங்கள். தேங்கிய தண்ணீர் பாத்தி ஜாயிண்டில் உறைந்தால் அங்கே பூசியிருக்கும் சீலன்ட் விட்டுப்போகும். அது அடுத்த மழையில்தான் தெரியவரும்.

டேங்குக்குள் இறங்கும் பைப்பையும் கழற்றி வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். காலையில் தகரத்தின் மேல் கிடக்கும் பனி உருகி வடியும்போது, வாரக்கணக்கில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அளவில் அது ஒன்றுமில்லை, குடிக்கும் தண்ணீர் கெடுவதுதான் மிச்சம்.

6. வடிக்க முடியாத இடம்: டேங்க் வாய்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

டேங்கின் அடியில் அவுட்லெட் நிப்பிள் (தண்ணீர் வெளியேறும் குட்டைக் குழாய்த் துண்டு), அதை ஒட்டி ஒரு வால்வு. வால்வை மூடிவிட்டு மற்ற பைப்பையெல்லாம் வடித்தாலும், நிப்பிளிலும் வால்வின் டேங்க் பக்கத்திலும் தண்ணீர் இருந்தே தீரும். டேங்கைக் காலி செய்யாமல் அதை வடிக்க முடியாது. அங்கே பிளந்தால் டேங்க் முழுவதும் தரைக்குப் போய்விடும். வீட்டில் சுற்றிப் பாதுகாக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

நல்ல விஷயம் என்னவென்றால், அந்த நிப்பிளுக்குப் பக்கத்திலேயே 1000 லிட்டர் கதகதப்பான தண்ணீர் இருக்கிறது. 6, 7 டிகிரி என்றாலும் உறையும் தண்ணீருக்கு அது கதகதப்புத்தான். அந்தச் சூட்டை வால்வுக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். அதற்குத்தான் மீன் பெட்டி.

பெட்டியின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தத் திறந்த பக்கம் டேங்க் சுவரை ஒட்டும்படி, வால்வும் நிப்பிளும் பெட்டிக்குள் வரும்படி வைக்க வேண்டும். சின்டெக்ஸ் சுவர் வளைவாக இருப்பதால் பெட்டியின் விளிம்பையும் அதே வளைவுக்குச் சீவிக்கொள்ளுங்கள். பைப் வெளியே போகும் இடத்தில் அளவாக ஓர் ஓட்டை. இடைவெளிகளில் பழைய துணியைத் திணித்து, டேங்கோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, மேலே தார்ப்பாய்த் துண்டு போட்டு மழையும் பனியும் உள்ளே இறங்காமல் மூடுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, வால்வை மட்டும் தனியாகத் துணியால் இறுக்கிச் சுற்றுவது. அப்படிச் சுற்றினால் டேங்க்கின் சூடு வால்வுக்கு வந்து சேர வழியில்லை. உறை எதையும் சூடாக்காது, இருக்கிற சூட்டை மெதுவாக விடும், அவ்வளவுதான். சூடு வருகிற பக்கத்தைத் திறந்து வைத்து, போகிற பக்கத்தை மூட வேண்டும்.

பெட்டிக்கு வெளியே வால்வுக்கு அடுத்த இரண்டடி பைப்புக்கு நைட்ரைல் உறை மாட்டுங்கள். உறையை நீளவாக்கில் கீறி மாட்டும்போது கீறல் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். மேலே இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். எல்போ, டீ இருக்கும் இடத்தில் துண்டு துண்டாக வெட்டி இடைவெளி இல்லாமல் பொருத்தி, கறுப்பு டேப் சுற்றுங்கள். அந்த ஸ்பாஞ்சு வெயிலில் பொடிந்துபோகும், டேப் அதற்கும் காப்பு. டேப்பைக் கீழிருந்து மேலே சுற்றிக்கொண்டு போனால், ஓட்டுக்கூரை அடுக்குப் போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்து தண்ணீர் வழிந்துவிடும்.

வைக்கோல் திணிக்கலாமா என்று கேட்பார்கள். காய்ந்திருக்கும்வரை அது நல்ல காப்புத்தான். ஆனால் ஈரமானால் போச்சு, எலியும் குடியேறும். அதோடு மாடு வந்து இழுக்கும். யானை நடமாட்டம் உள்ள பக்கத்தில் தீனியைக் கொண்டுபோய்த் தண்ணீர் டேங்க்கோடு கட்டிவைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

7. டேங்குக்கு என்ன செய்வது

500 லிட்டருக்கு மேல், தரையில் உட்கார்ந்திருக்கும் டேங்க் என்றால் மூடியை மட்டும் நன்றாக அழுத்தி மூடி, அதன் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். பக்கச் சுவரை அப்படியே விட்டுவிடலாம். கறுப்பு டேங்க் பகல் வெயிலில் சூடு வாங்கும், நாலு பக்கமும் சுற்றிவிட்டால் அதையும் தடுத்துவிடுவீர்கள். மேலே மூடுவது வானத்தை மறைப்பதற்காக. எஸ்டேட்டில் இளந்தேயிலைச் செடி மேல் தழை போட்டு மூடுவதும் இதற்காகத்தான். தழை சூடு தருவதில்லை, ஆனால் செடி தன் சூட்டை நேராக வானத்துக்கு விடாமல் தடுக்கிறது.

தரையில் இருக்கும் டேங்குக்கு அடியில் தெர்மாகோல் போட வேண்டாம். மண்ணிலிருந்து வரும் சூடு உங்களுக்கு இலவசம். ஸ்டாண்டின் மேல் இருக்கும் டேங்க்தான் சங்கடமானது, அடிப்பக்கமும் காற்றில் இருக்கும். ஸ்டாண்டின் நாலு பக்கத்தையும் சாக்கோ தகரமோ வைத்து தரைவரை மறைத்துவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் சூடாகவே இருக்கும். வால்வும் அந்த மறைப்புக்குள் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

தண்ணீரை விளிம்புவரை நிரப்பி வைக்காதீர்கள். ஒரு சாண் இடம் விடுங்கள். ஏடு கட்டினாலும் பருக்க இடம் இருக்கும், ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் தண்ணீர் நின்று உறையாது. நவம்பர் கடைசியில் டேங்க் தளும்ப இருக்கும், அந்த ஒரு சாண் தண்ணீரை முதலில் செலவழியுங்கள்.

200 லிட்டர் டிரம்மாக இருந்தால் நாலு பக்கமும் சுற்றத்தான் வேண்டும். அதைவிடச் சுலபம், சுவரை ஒட்டி, கூரைத் தாழ்வாரத்துக்கு அடியில் நகர்த்துவது. சமையலறைச் சுவராக இருந்தால் ரொம்ப நல்லது.

ஃபெரோ சிமென்ட் டேங்க் (கம்பி வலையில் சிமென்ட் பூசிக் கட்டியது) வைத்திருப்பவர்கள் வெளிச்சுவரில் ஈரக் கோடுகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை விரிசலில் தண்ணீர் புகுந்து உறைந்து உருகி, மறுபடி உறைந்து, விரிசலை அகலப்படுத்தும். மழை நின்ற பிறகு, பனிக்கு முன்னால் கிடைக்கும் வெயில் நாட்களில் சிமென்ட் பால் அடித்து விரிசலை அடையுங்கள்.

8. சாயங்கால வரிசை

வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது.

ராத்திரிக்கும் காலைக்கும் வேண்டிய தண்ணீரை முதலில் வீட்டுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கும் சேர்த்து. இதை விட்டுவிட்டால் பத்து மணிக்கு யாராவது போய் வால்வைத் திறப்பார்கள், மறுபடி வடிக்கத் தோன்றாது. ஹோம்ஸ்டேயில் இது அடிக்கடி நடக்கும். அறையில் இரண்டு வாளித் தண்ணீரும், குழாய் மேல் ஒரு சீட்டும் வைத்துவிடுங்கள்.

அடுத்து டேங்க் வால்வை மூடுங்கள். அதன் பிறகுதான் வடிகாலைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டேங்க் தண்ணீரும் சேர்ந்து போகும்.

வடிகாலைத் திறந்ததும், லைனில் மிக உயரத்தில் இருக்கும் குழாயைத் திறங்கள். இது முக்கியம். மேலே காற்று புக வழியில்லாவிட்டால் தண்ணீர் பைப்புக்குள்ளேயே தொங்கிக்கொண்டு நிற்கும். கீழே நாலு சொட்டு வந்து நின்றதும் வடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார்கள். மேல் குழாயைத் திறந்ததும் சளசளவென்று மீதி இறங்கும்.

நடுவில் உள்ள பால் வால்வுகளைப் பாதித் திறப்பில் நிறுத்துங்கள். முழுதாக மூடினாலும் முழுதாகத் திறந்தாலும் உள்ளே உருண்டையைச் சுற்றிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் சிக்கும். அது போதும் வால்வு உடம்பைப் பிளக்க. இது வடித்த லைனில் உள்ள வால்வுகளுக்கு மட்டும். டேங்க் வால்வை மூடியே வைக்க வேண்டும், அதற்குத்தான் பெட்டி.

மோட்டார் இருந்தால் அதன் கேசிங் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திருகி எடுங்கள். பனிக்காலம் முடியும்வரை பயன்படுத்தப் போவதில்லை என்றால் மோட்டாரையே கழற்றி உள்ளே வைப்பது நல்லது. எல்லாக் குழாய்களையும் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

9. காலையில்

விடிந்தவுடன் ஓடிப் போய்த் திறக்காதீர்கள். ராத்திரியின் குளிர் உச்சத்தில் இருப்பது சூரியன் எழும் நேரத்தில்தான். பைப் மேல் வெயில் பட்டுக் கொஞ்ச நேரம் ஆகட்டும்.

வடிகாலை மூடி, கீழ்க் குழாய்களை மூடி, மேல் குழாயை மட்டும் திறந்து வைத்து டேங்க் வால்வை மெதுவாகத் திருப்புங்கள். காற்று புஸ்ஸென்று வெளியேறித் தண்ணீர் சீராக வந்ததும் மேல் குழாயையும் மூடலாம். வேகமாகத் திறந்தால் தண்ணீர் போய் அடிக்கும் அடியில் பழைய ஜாயிண்ட் விட்டுவிடும்.

வரவில்லை என்றால் எங்கேயோ அடைத்திருக்கிறது. குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, குழாய் முனையிலிருந்து தொடங்கி டேங்க் பக்கமாகப் பைப்பின் மேல் துணி சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டு போங்கள். முனையிலிருந்து தொடங்குவது, உருகிய தண்ணீர் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதற்காக. நடுவில் தொடங்கினால் இரண்டு கட்டிகளுக்கு இடையில் தண்ணீர் மாட்டி நெருக்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிவிசி இளகும் அல்லது அதிர்ச்சியில் வெடிக்கும். பந்தம், ஸ்டவ், கேஸ் பர்னர் எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும் தெர்மாகோலும் சட்டென்று பற்றும்.

அடைத்த லைனில் மோட்டாரைப் போட்டுத் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். அடைப்பு நகராது, மோட்டார்தான் சூடாகும்.

பிளவு உறைந்திருக்கும்போது தெரியாது, பனிக்கட்டியே அதை அடைத்துக்கொண்டிருக்கும். உருகின பிறகு லைன் முழுக்க ஒரு நடை நடந்து, எல்போ, டீ, குழாய் மரை எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள்.

10. சொல்லக் கேட்டுச் செய்யக் கூடாதவை

உப்புப் போடு, உறையாது என்பார்கள். கடல் தண்ணீரில் உள்ள அளவு உப்பே உறைநிலையைச் சுமார் 2 டிகிரிதான் இறக்கும். 1000 லிட்டருக்கு அது 35 கிலோ உப்பு. அப்புறம் அந்தத் தண்ணீரை வைத்து என்ன செய்வது?

வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் விஷம். வீட்டுத் தண்ணீர் லைனுக்கு அதைக் கொண்டுவரும் பேச்சே வேண்டாம்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடை டேங்கில் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்து. ஷாக் அடிக்கும், தண்ணீர் மட்டம் இறங்கினால் பிளாஸ்டிக்கை உருக்கும். அதோடு அது சூடாக்குவது உறையவே போகாத டேங்கைத்தான், பைப்பை இல்லை.

11. நிஜமான குளிர் நாட்டில் என்றால்

இங்கே சொன்னது ராத்திரி உறைந்து பகலில் உருகும் ஊருக்கு. லே, கார்கில் பக்கம் வேலைக்குப் போனவர்களும் கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களும் இதை அப்படியே பின்பற்றினால் நஷ்டப்படுவார்கள். பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டாத நாட்கள் தொடர்ந்து வந்தால் எந்த உறையும் தாங்காது, உறைவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அங்கே குளிர்காலத்துக்கு முன்பே தரைமேல் டேங்கை முழுக்கக் காலி செய்து, கூரைப் பைப்பைத் திருப்பிவிட்டு, வால்வுகளைத் திறந்து வைத்துவிடுவார்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் டேங்க் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். டொராண்டோ பக்கத்தில் அந்த ஆழம் சுமார் 1.2 மீட்டர். வெளியே எழும்பும் பைப்புக்குத் தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்கேபிள் சுற்றுவார்கள். அதை எர்த் லீக்கேஜ் பிரேக்கர் வழியாகத்தான் இணைக்க வேண்டும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

12. பனி முடிந்த பிறகு

பிப்ரவரி கடைசியில் கதகதப்பு வந்தாலும் உடனே பெட்டியைப் பிரிக்க வேண்டாம். தெர்மாமீட்டர் தொடர்ந்து சில வாரம் 5 டிகிரிக்கு மேலேயே நின்றால் பிரிக்கலாம். நைட்ரைல் உறையை அப்படியே விடலாம், டேப் கிழிந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சுற்றுங்கள். மீன் பெட்டியைக் காயவைத்துப் பரணில் போடுங்கள், எலி கடிக்காத இடமாகப் பார்த்து.

கோடை மழைக்கு முன்னால் கழற்றி வைத்த அடிமூடியை மாட்ட வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றுங்கள், நடுவில் உள்ள சின்னத் துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். டேங்குக்குள் இறங்கும் பைப்பை மட்டும் உடனே இணைக்காதீர்கள். நாலு மாதத் தூசி கூரையில் கிடக்கும். முதல் மழை தகரத்தைக் கழுவிவிட்டுப் போகட்டும், இரண்டாவது மழைக்கு இணைத்துக்கொள்ளலாம்.